பழைய பாக்கெட் குளோப்பின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

18-ம் நூற்றாண்டு லண்டனில் செய்த ஒரு பாக்கெட் குளோப் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது அதில் அச்சாகியிருக்கும் ஆண்டைத்தான். பெரும்பாலும் ஏதாவதொரு கடலின் காலியிடத்தில் சிறிய அலங்கார வட்டம் இருக்கும். அதற்குள் செய்தவர் பெயர், ஊர், சில சமயம் ஆண்டு. "1754" என்று பார்த்தவுடன் "1754-ல் செய்தது" என்று முடிவு கட்டிவிடுவோம். விற்பவரும் அதையேதான் சொல்வார்.

ஆனால் அது, அந்த வரைபடத்தைச் செப்புத் தகட்டில் வெட்டிய ஆண்டு. தகடு விலை உயர்ந்த முதலீடு. செய்தவர் இறந்தால் மனைவி விற்பார், இன்னொரு கடைக்காரர் வாங்குவார், பெயரைச் சுரண்டித் தன் பெயரை வெட்டுவார், புதிதாகக் கண்டுபிடித்த ஒரு கடற்கரையைச் சேர்ப்பார், மறுபடி அச்சடிப்பார். ஆண்டை மாற்றாமலே விட்டுவிடுவதும் உண்டு. ஆகவே பெயரையும் ஆண்டையும் கடைசியில் பாருங்கள் என்பதே என் கட்சி. நிலப்படத்தில் இருக்கும் மிகப் புதிய செய்தி எது என்று தேடுங்கள். குளோப் அதற்கு முன் பிறந்திருக்க முடியாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

முதலில், கையில் இருப்பது என்ன?

பாக்கெட் குளோப் என்பது சுமார் 7 முதல் 7.5 செ.மீ. விட்டமுள்ள, அதாவது இரண்டே முக்கால் அல்லது மூன்று அங்குல உருண்டை. அதைப் பொதிந்து வைக்க இரண்டு பாதியாகத் திறக்கும் உருண்டைப் பெட்டி ஒன்று. பெட்டிக்கு வெளியே கறுப்புச் சுறாத்தோல், மூட சின்னப் பித்தளைக் கொக்கிகள். பெட்டியின் உட்புறத்தில் விண்மீன் படம் ஒட்டியிருக்கும். கையில் பூமி, அதைச் சுற்றி வானம்: இந்த யோசனையை 1670-களில் லண்டனில் சந்தைக்குக் கொண்டுவந்தவர் ஜோசப் மாக்சன். அரசர் இரண்டாம் சார்லஸுக்குக் கடல் வரைபட வல்லுநராக இருந்தவர். அவருக்குப் பின் ஹெர்மன் மோல் (1719), ரிச்சர்ட் குஷி (1731), நத்தானியல் ஹில் (1754), ஜேம்ஸ் ஃபெர்குசன், கேரி சகோதரர்கள் (1791), நியூட்டன் குடும்பம் என்று ஒரு பெரிய வரிசை. லண்டன்தான் இதன் தலைநகரம் என்றாலும் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் ஹோமன் செய்த குளோப் இன்னும் ஒரு படி மேலே போனது. பூமியையே இரண்டாகத் திறந்தால் உள்ளே வளையங்களாலான சிறிய வானக்கோள மாதிரி இருக்கும்.

மாலுமிகள் இதை வைத்துக் கப்பல் ஓட்டினார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 7 செ.மீ. உருண்டையில் 1 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 180 கிலோமீட்டர். இலங்கை முழுவதும் இரண்டரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். கனவான்களின் சட்டைப்பைக்கும் பிள்ளைகளின் பாடத்துக்கும் செய்த பொருள் இது. கொஞ்சம் படம் காட்டவும் பயன்பட்டது.

படி 1: அளவெடுங்கள், படமெடுங்கள்

துணி விரித்த மேசையில் வைத்து வேலை செய்யுங்கள். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். மெல்லிய காகிதப் பட்டையை நிலநடுக்கோட்டில் சுற்றி நீளத்தை அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். இரும்பு காலிப்பரை (தடிமன் அளக்கும் கவ்வி) வைத்து உருண்டையை நெரிக்க வேண்டாம், பிளாஸ்டிக் காலிப்பர் போதும்.

பிறகு பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், 30 பாகைக்கு ஒரு படமாகச் சுற்றிலும் எடுங்கள். ஏன் 30 என்றால், பெரும்பாலான குளோப்களில் நிலப்படம் 12 துண்டுகளாகத்தான் ஒட்டப்பட்டிருக்கும். நடுவில் அகன்று இரண்டு முனையும் கூராக முடியும் இந்தத் துண்டுகளைக் கோர் என்பார்கள். 7 செ.மீ. குளோப்பின் சுற்றளவு 22 செ.மீ., ஆக ஒரு கோர் நடுவில் 18 மில்லிமீட்டர் சொச்சம் அகலம். ஒரு படத்துக்கு ஒரு கோர் என்று வைத்துக்கொண்டால் பின்னால் அருங்காட்சியகப் படங்களோடு ஒப்பிட எளிது. துருவங்களையும், பெட்டியின் இரண்டு பாதிகளையும் தனியாக எடுங்கள்.

படி 2: உடம்பைப் பாருங்கள்

உள்ளே இருப்பது கொலு பொம்மை செய்யும் அதே காகிதக்கூழ்தான். இரண்டு அரைக்கோளங்களாக வார்த்து, ஒட்டி, மேலே மெல்லிய சுண்ணப்பூச்சு கொடுத்து வழவழப்பாக்கி, அதன் மேல் கோர்களை ஒட்டி, கையால் வண்ணம் தீட்டி, கடைசியில் வார்னிஷ் அடித்திருப்பார்கள். சிலவற்றில் கடைந்த மரமும் உண்டு. துருவங்களில் சிறிய உலோக முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

இப்படிச் செய்த பொருள் 250 ஆண்டு கழித்து எங்கே அடிபட்டிருக்கும் என்று யோசியுங்கள். இரண்டு அரைக்கோளமும் சேரும் நிலநடுக்கோட்டில் விரிசல். பெட்டிக்குள் உரசிய இடத்தில் தேய்மானம். விரல் அதிகம் பட்ட பகுதியில் அழுக்கு. வார்னிஷ் மஞ்சளாகிப் பழுப்பேறியிருக்கும், ஆனால் எங்கும் ஒரே சீராக இருக்காது. போலிகளில் இது தலைகீழாக இருக்கும்: பழுப்பு எங்கும் ஒரே அளவு, விரிசல் அழகான வலைப்பின்னல், தேய்மானம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும்.

பெட்டியின் தோலை லென்ஸில் பாருங்கள். அசல் சுறாத்தோலில் சிறுசிறு மணிகள் ஒன்றுக்கொன்று அளவில் மாறுபடும். அழுத்தி அச்சிட்ட செயற்கைத் தோலில் ஒரே வடிவம் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும்.

படி 3: அச்சைப் பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸே போதும். செப்புத் தகட்டில் உளியால் வெட்டிய கோடு, தொடங்கும் இடத்தில் மெல்லியதாய், நடுவில் தடித்து, முடிவில் ஊசியாய் இறங்கும். மை காகிதத்தின் மேல் லேசாக எழும்பி நிற்கும். வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், ஏனென்றால் அதைத் தீட்டியது மனிதக் கை. நவீன அச்சிலோ வண்ணம் முழுவதும் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். புள்ளி தெரிந்துவிட்டால் இந்த வழிகாட்டியின் மீதியைப் படிக்கவே தேவையில்லை.

அடுத்தது, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் யுவி டார்ச். இருட்டறையில் அதைக் காட்டினால் பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் மங்கிய பச்சை மஞ்சளாக ஒளிரும். பிற்காலக் காகிதத்தில், முக்கியமாக 1950-களுக்குப் பின் வந்ததில், வெண்மைக்காகச் சேர்க்கும் வேதிப்பொருள் பளீரென்று நீல வெள்ளையில் ஒளிரும். வார்னிஷ் அடியிலிருக்கும் காகிதத்தை மறைத்துவிடும் என்பதால் உரிந்துபோன ஓரங்களிலும் பெட்டியின் உட்புறத்திலும் காட்டிப் பாருங்கள். இடையிடையே கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் அங்கே பிற்காலத்தில் யாரோ வண்ணம் தொட்டிருக்கிறார்கள். அது குற்றமில்லை, விலை பேசும்போது நினைவில் இருக்க வேண்டியது.

எழுத்துகளையும் கவனியுங்கள். ஆங்கிலச் சொல்லின் நடுவில் வரும் எஸ், எஃப் போல நீண்டு நிற்கிறதா? அந்த வழக்கம் 1800 வாக்கில் மறைந்தது. நீண்ட எஸ் இருந்தால் தகடு பழையது என்று ஊகிக்கலாம். தகடுதான், குளோப் அல்ல.

படி 4: நிலப்படத்தைப் படியுங்கள்

இங்கேதான் பொறுமையாக உட்கார வேண்டும். உலகத்தைக் கண்டம் கண்டமாகச் சுற்றி வருவோம்.

ஆஸ்திரேலியாவில் தொடங்குங்கள், அதைவிட நல்ல கடிகாரம் குளோப்பில் கிடையாது. 1770-க்கு முந்தைய தகடுகளில் அதன் பெயர் நியூ ஹாலந்து. மேற்கும் வடக்கும் டச்சுக்காரர்கள் பார்த்த அளவில் இருக்கும். கிழக்குக் கரை வெறுமையாகவோ, ஊகமாக இழுத்த கோடாகவோ, நியூ கினியோடு ஒட்டிக்கொண்டோ இருக்கும். ஜேம்ஸ் குக் 1770-ல் கிழக்குக் கரையை வரைந்த பிறகுதான் அந்தப் பக்கம் மூடுகிறது. தெற்கே டாஸ்மேனியா, அன்றைய பெயரில் வான் டீமன்ஸ் லேண்ட், கண்டத்தோடு ஒட்டியிருக்கிறதா, தீவாக நிற்கிறதா? பாஸ், ஃபிளிண்டர்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயக் கடல் பயணிகள் 1798-99-ல் அதைக் கப்பலில் சுற்றிவந்து தீவு என்று நிறுவினார்கள். நடுவே நீர் தெரிந்தால் குளோப் அதற்குப் பிந்தையது. தீவின் பெயர் டாஸ்மேனியா என்றே இருந்தால் பெரும்பாலும் 1856-க்கும் பிந்தையது, பெயர் அதிகாரபூர்வமாக மாறியது அந்த ஆண்டுதான்.

பக்கத்திலேயே நியூசிலாந்து. டச்சு மாலுமி டாஸ்மன் 1642-ல் பார்த்த மேற்குக் கரை மட்டும் ஒற்றைக் கோடாக இருந்தால் குக்குக்கு முந்தைய செய்தி. இரண்டு தீவுகள் தெளிவாக இருந்தால் 1769-70-க்குப் பிந்தைய செய்தி. அங்கிருந்து வடக்கே பசிபிக் நடுவில் ஹவாய், அப்போதைய சாண்ட்விச் தீவுகள், இருக்கிறதா பாருங்கள். ஐரோப்பிய வரைபடங்களுக்கு அது 1778-ல்தான் வந்தது. நியூசிலாந்துக்குக் கீழே தென்கிழக்கில் "லண்டனுக்கு நேர் எதிர்ப்புள்ளி" என்று பல ஆங்கிலக் குளோப்களில் எழுதியிருப்பார்கள். வயது சொல்ல உதவாது, ஆனால் தேடிக் கண்டுபிடிக்க நன்றாக இருக்கும்.

கடலில் ஓடும் புள்ளிக்கோடுகள் பயணப் பாதைகள். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆன்சன் உலகைச் சுற்றியது 1740-44. குக்கின் மூன்று பயணங்கள் 1768-71, 1772-75, 1776-80. குக்கின் பாதையை வரைந்திருந்தால், பெயர்வட்டத்தில் 1754 என்று எத்தனை அழகாக எழுதியிருந்தாலும், அந்த உருண்டை 1754-ல் செய்ததல்ல.

கலிஃபோர்னியா தீவாக இருந்தால் பலரும் துள்ளிக் குதிப்பார்கள். 17-ம் நூற்றாண்டு வரைபடக்காரர்களை ஆட்டிப்படைத்த பிழை அது. ஸ்பெயின் அரசர் ஆறாம் ஃபெர்டினாண்ட் 1747-ல் ஆணை போட்டே அது தீவல்ல என்று அறிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் பிழைகள் தகட்டோடு பிழைத்துக் கிடக்கும். ஆணைக்குப் பிறகும் பழைய தகட்டில் தீவு அச்சாகிக்கொண்டே இருந்திருக்கலாம். அதனால் தீவுக் கலிஃபோர்னியாவை மட்டும் வைத்து வயதைக் கூட்டிச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஆப்பிரிக்காவில் எனக்குப் பிடித்த சாட்சி கோங் மலைகள். இல்லாத மலைத்தொடர் அது. முன்பு வங்காளத்தில் சர்வேயர் ஜெனரலாக இருந்த ஜேம்ஸ் ரென்னல் 1798-ல் வெளியிட்ட வரைபடத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் குறுக்கே அதை வரைந்தார். பிறகு 90 ஆண்டுகள் எல்லோரும் பார்த்து வரைந்தார்கள். 1880-களின் இறுதியில் பிரெஞ்சு அதிகாரி பிங்கர் நேரில் போய்ப் பார்த்தபோதுதான் மலை மறைந்தது. கோங் மலை இருந்தால் குளோப் 1798-க்குப் பிந்தையது என்று தைரியமாகச் சொல்லலாம். நைஜர் ஆறு கினி வளைகுடாவில் சரியாகக் கலந்தால் 1830-க்குப் பின், லாண்டர் சகோதரர்கள் ஆற்றின் வழியே இறங்கிவந்த பிறகு. விக்டோரியா ஏரி இருந்தால் 1858-க்குப் பின். சூயஸ் கால்வாய் வெட்டியிருந்தால் 1869-க்குப் பின். அலாஸ்கா இன்னும் ரஷ்ய அமெரிக்காவாக இருந்தால் அந்தத் தகவல் 1867-க்கு முந்தையது.

இந்தியாவில் தேடிப் பயனில்லை. இந்த அளவில் நம் கடற்கரை பெயர்களுக்கிடையே நசுங்கிக் கிடக்கும், ஆண்டு சொல்லும் மாற்றம் எதுவும் தென்படாது.

இப்போது குறிப்புகளை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இருப்பவை ஒரு பக்கம், இல்லாதவை ஒரு பக்கம். இருப்பதில் மிகப் புதியது உங்கள் கீழ் எல்லை, அதில் சந்தேகமே இல்லை. இல்லாதவற்றை மேல் எல்லையாகக் கொள்ளத் தோன்றும், அங்கேதான் பெரிய ஏலக்கடைகளே சறுக்கும். பாஸ் நீரிணை, அதாவது ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவிலுள்ள நீர், இல்லை என்பதால் 1798-க்கு முந்தையது என்று சொல்ல முடியாது. கடைக்காரர் தகட்டைத் திருத்தச் சோம்பல்பட்டிருக்கலாம், அல்லது ஏற்கெனவே அச்சடித்த காகிதம் அலமாரியில் மீதமிருந்திருக்கலாம். "1775-க்குப் பின், அநேகமாக 1800-க்கு முன்" என்று எழுதுவதுதான் நேர்மையான முடிவு.

படி 5: இப்போது பெயரைப் பாருங்கள்

நிலப்படம் சொன்ன வயதைக் கையில் வைத்துக்கொண்டு பெயர்வட்டத்துக்கு வாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாவிட்டால் தகட்டின் கதையைத் தேட வேண்டும்.

அந்தக் கதைகள் சுவையானவை. லண்டன் குளோப் தயாரிப்பாளர் ஜான் செனெக்ஸ் 1740-ல் இறந்த பின் அவர் மனைவி மேரி கடையை நடத்தினார். 1755-ல் செனெக்ஸின் தகடுகள் சிலவற்றை ஸ்காட்லாந்திலிருந்து வந்த வானியல் பேச்சாளர் ஜேம்ஸ் ஃபெர்குசன் வாங்கினார். அவரிடமிருந்து பெஞ்சமின் மார்ட்டின் கைக்குப் போனது. மார்ட்டின் 1782-ல் கடனாளியாகி இறந்த பிறகு ஆடம்ஸ் குடும்பத்துக்கு. பெரிய குளோப்களின் தகடுகள் ஒரு வழியில், சின்னவை இன்னொரு வழியில் போயின. ஹில்லின் 1754 பாக்கெட் குளோப்பும் இப்படித்தான் மறுபிறவி எடுத்தது, 1783-ல் பால்மரும் நியூட்டனும் திருத்தி வெளியிட்டார்கள்.

ஆகவே பெயர் வெட்டிய இடத்தில் லென்ஸை வையுங்கள். பழைய எழுத்தைச் சுரண்டித் தேய்த்த செம்பில் மெல்லிய பேய் நிழல் போலப் பழைய கோடுகள் சில அச்சாகியிருக்கும். எழுத்தின் பாணி வட்டத்தின் அலங்காரத்தோடு பொருந்தாமல் இருக்கும். அப்படி ஒன்று அகப்பட்டால் குளோப்பின் மதிப்பு குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

படி 6: பெட்டிக்குள் இருக்கும் வானம்

வெளியிலிருந்து பார்க்கும் வான்கோளத்தில் விண்மீன் கூட்டங்கள் கண்ணாடி பிம்பமாக, இடவலம் மாறி இருக்கும். நாம் வானத்துக்கு வெளியே நிற்பதாகக் கற்பனை. பெட்டியின் உட்புறமோ குழிந்த வானம், பூமியிலிருந்து பார்ப்பது போலவே இருக்கலாம். சப்தரிஷி மண்டலத்தைக் கண்டுபிடியுங்கள்: நான்கு விண்மீன்கள் கிண்ணம், மூன்று அதன் கைப்பிடி. கிண்ணம் மேல்நோக்கித் திறந்திருக்கும்படி பெட்டியைப் பிடித்தால் கைப்பிடி இடப்பக்கம் வர வேண்டும். வலப்பக்கம் வந்தால், வெளிப்பரப்புக்காக வெட்டிய கோர்களையே உள்ளே ஒட்டியிருக்கிறார்கள். இரண்டுமே அசலில் உண்டு, ஆனால் ஒரே தயாரிப்பாளரின் வேறு பிரதிகளோடு ஒப்பிட இது நல்ல அடையாளம்.

அடுத்து, புதிய விண்மீன் கூட்டங்கள். லக்காய் என்ற பிரெஞ்சு வானியலாளர் நன்னம்பிக்கை முனையில் 1751-52-ல் தென்வானத்தை அளந்து 14 புதிய உருவங்களைச் சேர்த்தார்: காற்றுப் பம்பு, தொலைநோக்கி, நுண்ணோக்கி, உலை என்று பட்டறைச் சாமான்களாகவே இருக்கும். தெற்கு அரைக்கோளத்தில் இவை இருந்தால் தகடு 1750-களிலோ அதற்குப் பின்னோ வெட்டியது. பொனியாட்டோவ்ஸ்கியின் காளை என்ற கூட்டம் இருந்தால் 1777-க்குப் பின். மின்சார எந்திரம் என்ற கூட்டம் இருந்தால் ஜெர்மன் வானியலாளர் போடே தன் பெரிய வான்படத்தை வெளியிட்ட 1801 வாக்கில் அல்லது அதற்குப் பின். இவற்றில் காளையும் மின்சார எந்திரமும் இன்றைய வானத்தில் இல்லை. 1922-ல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் 88 கூட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டபோது கழிந்துபோயின.

விண்மீன் இருக்கும் இடத்தை வைத்தே வயது சொல்லலாம் என்று சிலர் எழுதுவார்கள். கொள்கை சரிதான். பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்று கணக்கில் எடுக்கும் அதே நகர்வு, ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகை. ஆனால் பாக்கெட் குளோப் அளவில் ஒரு பாகை 0.6 மில்லிமீட்டர். கோர் ஒட்டும்போது ஏற்படும் பிசகே அதைவிட அதிகம். 12 அங்குலத்துக்குக் குறையாத வான்கோளம் வைத்திருப்பவர்கள் முயலட்டும், நீங்கள் விட்டுவிடுங்கள்.

பெட்டியும் உருண்டையும் ஒன்றாகப் பிறந்தவைதானா என்பதும் இங்கேயே தெரியும். உருண்டை தளர்வாக ஆடக்கூடாது, இறுகவும் கூடாது. உருண்டையில் தேய்ந்த இடத்துக்கு நேரே பெட்டிக்குள்ளும் தேய்ந்திருக்க வேண்டும். துருவ முளைக்கான பள்ளம் சரியான இடத்தில் இருக்க வேண்டும். வானப் படம் பூமியைவிட இருபது முப்பது ஆண்டு பழைய பாணியில் இருக்கிறதே என்று மட்டும் சந்தேகப்படாதீர்கள். பூமித் தகட்டைத் திருத்தியவர்கள் பெரும்பாலும் வானத் தகட்டைத் தொடவே இல்லை, அதைப் பார்த்து யார் புகார் சொல்லப்போகிறார்கள்?

படி 7: ஓரரியாக இருந்தால்

குளோப்போடு சேர்ந்து சந்தைக்கு வரும் இன்னொரு பொருள் ஓரரி: கைப்பிடியைச் சுற்றினால் கோள்கள் சூரியனைச் சுற்றும் பல்சக்கர மாதிரி. ஜார்ஜ் கிரஹாம் 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த ஒன்றைப் பார்த்து ஜான் ரௌலி ஓரரிப் பிரபுவுக்காகச் செய்து கொடுத்ததிலிருந்து இந்தப் பெயர் நிலைத்தது. இங்கேயும் அதே விதிதான், கண்டத்துக்குப் பதில் கோள்களையும் நிலவுகளையும் எண்ண வேண்டும்.

சனியோடு நின்றால் அமைப்பு 1781-க்கு முந்தைய மாதிரி. யுரேனஸ் இருந்தால் வில்லியம் ஹெர்ஷல் அதைக் கண்ட 1781 மார்ச்சுக்குப் பிந்தையது. பெயர் "ஜார்ஜியம் சைடஸ்" என்றோ "ஹெர்ஷல்" என்றோ இருக்கலாம், இங்கிலாந்தில் யுரேனஸ் என்ற பெயர் நிலைபெற 1850 ஆனது. சனிக்கு ஐந்து நிலவு என்றால் 1789-க்கு முந்தைய அறிவு, ஏழு என்றால் பிந்தையது. யுரேனஸுக்கு ஆறு நிலவு இருந்தால் விட்டுவிடாதீர்கள். ஹெர்ஷல் 1787-ல் இரண்டைச் சரியாகக் கண்டார், பிறகு 1798-ல் இன்னும் நான்கு இருப்பதாக அறிவித்தார், அந்த நான்கும் கிடையாது. அரை நூற்றாண்டுக்கு யாராலும் மறுக்க முடியவில்லை. இல்லாத அந்த நான்கு நிலவுகளைச் சுமக்கும் ஓரரி கிட்டத்தட்டத் தன் பிறப்புச் சான்றிதழையே கையில் வைத்திருக்கிறது. இன்று கோள்களாக எண்ணாத செரஸ், பல்லஸ், ஜூனோ, வெஸ்டா நான்கும் கோள்களாக நின்றால் 1807-க்குப் பின். நெப்டியூன் 1846.

லண்டன் ஹோபார்னில் டபிள்யூ. அண்ட் எஸ். ஜோன்ஸ் கடை விற்ற சிறிய பெட்டி ஓரரிகளில் அடித்தட்டில் ஒட்டிய அச்சுக் காகிதத்தில் 1794 என்றிருக்கும். பின்னால் விற்றவற்றிலும் அதே ஆண்டுதான். கடை விலாசத்தைப் பாருங்கள், 1800 வாக்கில் 135-ம் எண்ணிலிருந்து 30-ம் எண்ணுக்கு மாறினார்கள்.

பல்சக்கரம் சிக்கினால் கட்டாயப்படுத்தாதீர்கள். தடையின்றி ஓடினால் பூமி ஒரு முறை சூரியனைச் சுற்றி வரும்போது நிலவு எத்தனை முறை பூமியைச் சுற்றுகிறது என்று எண்ணுங்கள். பிறையிலிருந்து பிறைக்கு என்று கணக்கிட்டால் 12-க்குக் கொஞ்சம் மேல் வர வேண்டும். வெகு தூரம் விலகினால் யாரோ சக்கரத்தை மாற்றியிருக்கிறார்கள்.

பித்தளைப் போலிகள் நம் நாட்டிலிருந்தே ஏராளமாகப் போகின்றன. ரூர்க்கியிலும் மொராதாபாத்திலும் அலங்காரப் பொருளாகச் செய்து நேர்மையாக விற்பவைதான். நாலு கை மாறும்போது "தாத்தா காலத்து" பொருளாகிவிடுகின்றன. "கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917" என்று பொறித்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அந்தப் பெயரில் நிறுவனம் உருவானதே 1947-ல். நட்சத்திரத் தலை திருகாணி இருந்தால் 1930-களுக்குப் பிந்தையது. பழைய திருகாணியில் வெட்டுப்பள்ளம் நட்டநடுவில் இருக்காது, மரத்திருகாணியின் முனை மொட்டையாக இருக்கும்.

படி 8: ஒப்பிடுங்கள், பிறகு வாங்குங்கள்

உங்கள் 12 படங்களை எடுத்துக்கொண்டு இணையத்தில் உட்காருங்கள். கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகம், கேம்பிரிட்ஜின் விப்பிள் அருங்காட்சியகம், வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தின் குளோப் அருங்காட்சியகம், டேவிட் ரம்சே வரைபடத் தொகுப்பு ஆகியவற்றில் தேடலாம். பிரிட்டிஷ் நூலகம் 2020 முதல் தன் குளோப்களில் சிலவற்றைத் திரையிலேயே சுழற்றிப் பார்க்கும்படி முப்பரிமாணத்தில் தந்திருக்கிறது. ஒரே பெயருள்ள இரண்டு பிரதிகளை வைத்து ஆஸ்திரேலியாவை மட்டும் ஒப்பிட்டாலே தகட்டின் எத்தனையாவது நிலை உங்களிடம் இருக்கிறது என்று பிடிபட்டுவிடும்.

நல்ல பாக்கெட் குளோப் லண்டன் ஏலத்தில் பல ஆயிரம் பவுண்டுக்குப் போகும். சுத்தியல் விழுந்த தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம், வரி, அனுப்பும் செலவு எல்லாம் சேரும், கேட்டுவிட்டுக் கை தூக்குங்கள். விற்பவரிடம் பழுதுபார்த்த விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். ஓரரிகளில் கோள்கள் யானைத் தந்தத்தால் செய்தவையாக இருப்பது சகஜம். இந்தியாவில் தந்த வணிகத்துக்குத் தடை, பிரிட்டனிலும் 2018-ல் இயற்றிய தந்தச் சட்டம் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

இன்னொன்று: 1972-ன் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதைத் தாண்டிய கலை, அறிவியல் பொருள்களைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப முடியாது. வெளிநாட்டில் வாங்கி உள்ளே கொண்டுவந்தால் ரசீது, சுங்கக் காகிதம் எல்லாவற்றையும் குளோப்போடு சேர்த்தே வைத்திருங்கள். பின்னால் விற்க நினைத்தால் அந்தக் காகிதங்கள் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது.

படி 9: நம் ஊர் வெயிலில் வைத்துக் காப்பது

காகிதம், சுண்ணம், தோல், பித்தளை நான்கும் ஈரத்துக்கு நான்கு விதமாக விரிந்து சுருங்கும். அதனால் ஈரப்பதம் எவ்வளவு என்பதைவிட அது ஏறி இறங்காமல் இருப்பதுதான் முக்கியம். 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறை மோசமான இடம். ஏசியே இல்லாத உள்ளறையில், வெளிச்சுவரைத் தொடாத மர அலமாரி எவ்வளவோ மேல். ஈரமானி ஒன்றை அருகில் வைத்து ஒரு மழைக்காலம் முழுக்கக் கவனியுங்கள். வெயில் நேராகப் படக்கூடாது, கண்ணாடிப் பேழைக்குள் எரியும் விளக்கும் கூடாது. மாவுப் பசையைத் தேடி இராமபாணப் பூச்சி வரும், கரப்பானும் வரும். மாதம் ஒருமுறை திறந்து ஓரங்களைப் பாருங்கள். பூச்சி மருந்தை நேரே அடித்துவிடாதீர்கள், வார்னிஷ் கரைந்துவிடும்.

தூசிக்கு மென்மையான ஓவியத் தூரிகை போதும். ஈரத் துணி, எச்சில், எண்ணெய் எதுவும் வேண்டாம். வார்னிஷ் விரிசலுக்குள் நீர் இறங்கினால் அடியிலிருக்கும் பசை இளகிக் கோர் தூக்கிக்கொள்ளும். பித்தளைக் கொக்கியையும் ஓரரியின் தட்டையும் பார்த்ததும் புளி போட்டுத் தேய்க்கக் கை வரும், தடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொன்னிறம் பாதி, செய்தவர் அடித்த அரக்குப் பூச்சினுடையது. போனால் திரும்பாது, விலையும் சரேலென்று விழும்.

விரிசல் விரிந்தாலோ கோர் உரிந்தாலோ, உதிர்ந்த துண்டைச் சிறு உறையில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி வையுங்கள். ஃபெவிகால், செல்லோடேப் பக்கம் போக வேண்டாம். பழைய காகித ஆவணங்களைச் செப்பனிடும் வல்லுநரிடம் கொடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: பின்னால் கரைத்து எடுக்கக்கூடிய மாவுப் பசைதானே போடப்போகிறீர்கள், விட்டுப்போன இடத்தில் கோடு வரைவீர்களா, வண்ணம் மட்டும் நிரப்புவீர்களா, வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்துத் தருவீர்களா? கோடு வரைந்து கொடுக்கிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் புதிதாக வரையும் கடற்கரையைப் பார்த்து அடுத்தவர் தவறான ஆண்டைக் கணக்கிடுவார்.